பதினோராவது பொருத்தம்

(அம்பர்நாத்தில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“இந்தக் காலத்துப் பெண்கள் ஆணிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?” என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வருகிறது: “அதிகம்!” அந்த அதிகம் எவ்வளவு என்று முதலில் அளந்து பார்த்துவிடுவோம்.

அம்பர்நாத்திலிருந்து சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் லேடீஸ் டப்பாவில் நம் பெண்கள் காய் நறுக்குகிறார்கள். கூடவே மனத்தில் உள்ளதையும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் மாளிகையும் காரும் வருவதில்லை. “இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் குக்கர் வைக்கட்டும்.” “என் சம்பளத்தில் என் அம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் முகம் சுளிக்கக் கூடாது.” “கோபம் வந்தால் பேசட்டும், கையை ஓங்கக் கூடாது.” இவ்வளவுதான்.

இது அதிகமா? ஆர்டினன்ஸ் தொழிற்சாலையிலும் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் உழைத்த நம் தந்தையர் போனஸ் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். அதைப் பேராசை என்று முதலாளி சொன்னான். உரிமை என்று நாம் சொன்னோம். தொழிற்சாலை வாசலில் உரிமையாக இருப்பது வீட்டு வாசலில் மட்டும் எப்படித் திமிர் ஆகும்?

சரி, பெற்றோராகிய நாம் எதைப் பார்க்கிறோம்? சாதி பார்க்கிறோம். சாதகம் பார்க்கிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். சொந்த ஊரில் காணி உண்டா, கல்யாணில் பிளாட் உண்டா என்று விசாரிக்கிறோம். அவன் கோபத்தில் எப்படி நடந்துகொள்வான் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. பத்தையும் பார்த்துவிட்டுப் பதினோராவதை விட்டுவிடுகிறோம். அந்தப் பதினோராவது பொருத்தத்துக்குப் பெயர் நடத்தை.

இப்படிப் பார்த்துச் செய்து வைத்ததன் பலன் என்ன? 2019-21 ஆண்டுகளில் இந்திய அரசு எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, மராட்டியத்தில் 25.2 விழுக்காடு; நம் தமிழ்நாட்டிலோ 38.1 விழுக்காடு! பண்பாட்டுப் பெருமை பேசும் நாம் இந்த எண்ணுக்கு முன்னால் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குச் சாதகம் பொருந்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

“அதனால்தான் காதலித்துப் பழகிப் பார்க்கிறோம்” என்று இளம்பெண்கள் சொல்வார்கள். தங்கைமார்களே, பழகுவது தவறு என்று நான் சொல்லவில்லை. பழகும்போது எதைப் பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நமக்கு அடுத்துள்ள வசாய்ப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண். 2020 நவம்பரில் காவல் நிலையத்துக்குப் போய், தன்னோடு வாழ்பவன் ஆறு மாதமாக அடிக்கிறான், மூச்சை அடைத்துக் கொல்லப் பார்த்தான், வெட்டித் துண்டாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறான் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே, சண்டை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றார். 2022 மே மாதம் தில்லியில் அவர் கொல்லப்பட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் செய்தி வெளிவந்தது. அபாய அறிவிப்பு எழுத்திலேயே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமல் போயிற்று.

அதன்பின் அரசியல்வாதிகள் என்ன கேட்டார்கள்? “அவன் என்ன மதம்?” என்று கேட்டார்கள். 2022 டிசம்பரில் மராட்டிய அரசு, சாதி கடந்த திருமணங்களையும் மதம் கடந்த திருமணங்களையும் கவனிக்க ஒரு குழு அமைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் சாதியை நீக்கிவிட்டு, மதம் கடந்த திருமணங்களுக்கு மட்டும் என்று மாற்றியது. ஆண்டுதோறும் இந்த நாட்டில் வரதட்சணைச் சாவு என்று பதிவாகும் வழக்குகள் 6,000-க்கும் மேல். அந்த வீடுகளைக் கவனிக்க எந்தக் குழு?

நம் ஊர் நிலையும் மேலானதன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை. 2025 ஜூலையில் நம்மில் பலருக்குச் சொந்தச் சீமையான நெல்லை, பாளையங்கோட்டை. சாதி கடந்து அன்பு வைத்த குற்றத்துக்காகத் தலித் இளைஞர்கள் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். வெட்டுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை பெண் காதலை மறைப்பாள். காதலை மறைப்பவள் அதில் வரும் அடியையும் மறைப்பாள். இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். சாதி மானம் பெண்ணின் வாயைக் கட்டிப்போடுகிறது. வாய் கட்டப்பட்ட பெண்ணைத்தான் கெட்டவன் தேடுகிறான்.

ஆகவே அடையாளங்களைச் சொல்கிறேன். காதலனுக்கும் இவை பொருந்தும். பெற்றோர் பார்த்த மாப்பிள்ளைக்கும் பொருந்தும்.

மணிக்கொரு தரம் “எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், படம் எடுத்து அனுப்பு” என்கிறானா? அது அக்கறை இல்லை, காவல். செல்பேசியின் பூட்டு எண்ணைக் கேட்கிறானா? ஏ.டி.எம். அட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறானா? ஒவ்வொரு தோழியாக வெட்டிவிடச் சொல்கிறானா? உங்களிடம் தேனாகப் பேசிவிட்டு ஹோட்டல் பையனிடமும் ரிக்‌ஷாக்காரரிடமும் எரிந்து விழுகிறானா? அந்த நெருப்பு நாளைக்கு உங்கள் பக்கமும் திரும்பும். “நீ போனால் செத்துவிடுவேன்” என்பதும், “உன் படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்” என்பதும் மிரட்டலின் இரண்டு முகங்கள். ஓராண்டு பழகியும் தன் வீட்டையோ நண்பர்களையோ காட்டாமல், கடன் மட்டும் கேட்கிறானா? விலகி நில்லுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் அடையாளம் உண்டு. “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்பதும் கேட்பதுதான். பெண்ணும் பையனும் தனியே பேச வேண்டாம் என்பவர்கள், நிச்சயம் ஆன மறுநாளே வேலையை விடச் சொல்பவர்கள், விசாரிக்க நேரம் தராமல் தேதி குறிக்க அவசரப்படுபவர்கள் – இவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதல் அடிக்குப் பிறகு அழுவான், காலைப் பிடிப்பான். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று நம் வீட்டுப் பெரியவர்களே சமாதானம் சொல்வார்கள். அந்தப் பழமொழியை இன்றோடு விட்டுவிடுவோம். அடிக்காமலே அணைக்கும் கைகளும் உலகத்தில் உண்டு.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை வெளிநாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று எண்ணாதீர்கள். இந்தப் பம்பாய் மண்ணில் ருக்மாபாய் என்ற பெண் இருந்தார். பதினோரு வயதில் மணம் செய்து வைக்கப்பட்டவர். வளர்ந்த பின் அந்தக் கணவனோடு வாழ மாட்டேன் என்று மறுத்தார். 1884-இல் கணவன் வழக்குப் போட்டான். 1887-இல் நீதிமன்றம், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குப் போகிறேன் என்றார் அந்தப் பெண்! 1888-இல் பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பிச் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில், துணையைத் தேர்ந்தெடுக்கவும் பொருந்தாவிட்டால் விலகவும் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று தந்தை பெரியாரின் இயக்கம் தீர்மானம் போட்டது. நம் பெண்கள் இன்று கேட்பது அந்தப் பழைய பாக்கியைத்தான்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தாலி இல்லாமல் திருமணம் போலச் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013 முதல் தனிக் குற்றம். ஆபத்தில் 112, பெண்கள் உதவிக்கு 181. டாட்டா சமூக அறிவியல் கழகம் 1984-இல் பம்பாய்க் காவல் துறையோடு சேர்ந்து பெண்களுக்கான தனிப் பிரிவைத் தொடங்கியது. தாராவியில் சிநேகா அமைப்பு ஆலோசனை மையம் நடத்துகிறது. இவற்றின் விவரத்தை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு கதவு திறக்க வேண்டும். அது நம் வீட்டுக் கதவு. “நீயே தேடிக்கொண்டாய், நீயே அனுபவி” என்ற சொல் அந்தக் கதவை அடைக்கும் தாழ்ப்பாள். பெண் யாரை விரும்பினாலும், எந்தச் சாதியில் மணந்தாலும், அடி வாங்கி நள்ளிரவில் வந்து நின்றால் முதலில் சோறு போடுங்கள். கேள்வியை மறுநாள் கேட்கலாம்.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். ஞாயிறுதோறும் மாலையில் சங்க அறையில் மூத்த பெண்கள் இருவர் உட்காரட்டும். வருகிற பெண்ணிடம் சாதி கேட்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. காவல் நிலையம் போக வேண்டுமென்றால் கூடப் போக வேண்டும். புகாரைத் திரும்பப் பெற அவளை யாராவது நெருக்கினால் அன்றும் அவளோடு நிற்க வேண்டும். வருகிற ஞாயிறு உட்கார நான் தயார். இன்னொருவர் வேண்டும். கூட்டம் கலையுமுன் பெயர் கொடுங்கள்.