இரத்த உறவும் நீரிழிவும்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஓர்ஸ் ஹில் என்னும் உவர்மலையிலே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருபவன் நான். மருத்துவம் கற்றவன் அல்லன். ஆயினும், ஒரு பாடசாலையின் பெயரேட்டைப் பல்லாண்டு புரட்டுவோனுக்கு ஓர் உண்மை புலனாகாமற் போகாது. பெற்றோர் யாவர், பேரன் பேத்தியர் யாவர் என்று விசாரித்தால், மாணவருட் பலர் ஒருவருக்கொருவர் மச்சான், மச்சாள் முறையினராகவே இருப்பர்.

மாமன் மகளை மணப்பது நம்மவரின் பழைய வழக்கம். காணி பிறர் கைக்குப் போகாது. பெண்ணும் அறியாத வீட்டுக்குப் போகாள். இவ்வேற்பாட்டிலே நன்மை இல்லையென்று சொல்வாரில்லை. ஆனால் காணி பிரியாதிருக்கச் செய்த ஏற்பாட்டினால், சில நோய்களும் பிரியாது தங்கிவிடுகின்றன.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்தம் பெற்றோர் எண்மர். மச்சானும் மச்சாளும் மணந்து பெற்ற பிள்ளைக்கோ அவ்வெண்மர் அறுவராகக் குறைகின்றனர். இருவர் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வருகின்றனர். அவர்களிடமிருந்த குறையும் இருவழியாக வரக்கூடும். கைக்குழந்தைகளையே பற்றும் அரிய வகை நீரிழிவு சில, இவ்வாறு இரு பக்கத்தாலும் ஒரே பழுதுபட்ட பரம்பரை அலகு வந்து சேர்வதால் உண்டாகின்றன.

நடுவயதிலே நம்மிற் பலரைப் பற்றும் நீரிழிவு வேறு. அதற்குப் பல பரம்பரை அலகுகள் சேர்ந்து இடங்கொடுக்கின்றன. வாழும் முறையோ அதனை வரவழைக்கின்றது. இதற்குச் சான்று பகர்வோர் அமெரிக்காவின் ஆதிக்குடிகளான பீமா மக்கள்.

அரிசோனாவிலே கீலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குடியேறியோர் மேலிடத்திலே ஆற்றைத் திருப்பிக்கொண்டனர். வயல் வறண்டது, உழைப்புக் குன்றியது, மாவும் சீனியும் கொழுப்பும் உணவாயின. 1965 ஆம் ஆண்டு முதல் அவர்களை ஆராய்ந்தோர், உலகிலே நீரிழிவு மிக மிகுந்த மக்களுள் அவர்களும் அடங்குவர் எனக் கண்டனர். அவர்தம் இனத்தவரே மெக்சிக்கோ மலைகளில் மைக்கோபா என்னும் ஊரிலும் உழுது வாழ்கின்றனர். இரு சாராரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2006 இல் வெளிவந்தது. அரிசோனாவில் வளர்ந்தோர் நூற்றுவருள் ஏறத்தாழ 38 பேருக்கு நீரிழிவு. மலைவாழ் உறவினருள் ஏறத்தாழ 7 பேருக்கே!

குருதி ஒன்று, கதி வேறு. ஆகவே, பரம்பரை என்பது எச்சரிக்கையேயன்றித் தீர்ப்பன்று.

நம் நிலை என்ன? 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பேராய்வு, வளர்ந்தோர் பதின்மருள் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. போர்க்காலமாதலால் வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. கணக்கிற் சேராமையால் நோய் நம்மை விட்டுவிடாது. உறவுக்குள் ஒரே குருதி மட்டுமா வருகின்றது? ஒரே அடுக்களையும் வருகின்றது. குவித்த சோறும் சீனி மிகுந்த தேநீரும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. முற்றத்துக்கு அப்பால் நடக்க வேண்டிய தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

இதனினும் பெருந்தீங்கு ஒளிப்பு. கலியாணப் பேச்சுக் கெடுமென்று அஞ்சித் தகப்பனின் நோயை மறைக்கின்றோம். யாரிடம் மறைக்கின்றோம்? அதே குருதியுடைய அத்தையிடமும் மாமனிடமும்! அவர்களுக்கன்றோ அச்செய்தி முதலிலே வேண்டும்? அறிந்தால் அவர்களும் தம் குருதியைச் சோதிப்பர். கண்ணும் காலும் சிறுநீரகமும் பழுதாகுமுன் காத்துக்கொள்வர்.

நோயின் வாசலில் நிற்போரும் திரும்பலாம். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு குறைந்ததென, தமிழ்நாட்டில் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

ஆதலால் நேயர்களே, இன்றிரவு ஒரு தாளில் உங்கள் வமிசத்தை எழுதுங்கள். நீரிழிவு கண்டோர் பெயரருகே ஒரு புள்ளி இடுங்கள். புள்ளிகள் இருபக்கத்திலும் தோன்றுமாயின், தயங்காது அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று குருதியைச் சோதியுங்கள். அத்தாளைப் பெட்டிக்குள் பூட்டாது உறவினருக்கும் காட்டுங்கள்.