முன்னுரை யாருடையது?

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்க இலக்கியம் என்றால் பாடத்திட்டத்தில் ஹாத்தோர்ன், மெல்வில், விட்மன் என்று ஒரு வரிசை வரும். 1850க்கும் 1855க்கும் இடையில் இவர்களின் முக்கியமான புத்தகங்கள் அடுத்தடுத்து வந்தன. அதை ஒரு மறுமலர்ச்சிக் காலம்னு சொல்றாங்க. அதே 1850இல் அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முப்பத்திரண்டு லட்சம் பேர் அடிமைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களுக்குள்ளிருந்தும் எழுத்து வந்தது. அந்தப் புத்தகங்களின் உள்ளே இருப்பதைப் பற்றி நிறையப் பேசியாச்சு. முதல் பக்கங்களைப் பற்றி மட்டும் நான் இன்னிக்குப் பேசறேன். அங்க யாருடைய கையெழுத்து இருக்கு?

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிறுமியைக் கொண்டுவந்து பாஸ்டன் நகரத்தில் விற்றார்கள். வயசு ஏழெட்டு இருக்கும். ஏற்றி வந்த கப்பலின் பெயர் பிலிஸ். விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. ரெண்டையும் சேத்து பிலிஸ் வீட்லின்னு பேரு வச்சாங்க. அவர் ஆங்கிலமும் லத்தீனும் கற்றார், கவிதை எழுதினார். பாஸ்டனில் அந்தப் புத்தகத்தை அச்சேற்ற முடியவில்லை. 1773இல் லண்டனில்தான் வெளிவந்தது. அதன் முன்பக்கங்களில் எசமானின் கடிதம் ஒன்று இருக்கிறது. அதோடு, இந்தக் கவிதைகளை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கொடுத்த சான்றும் இருக்கிறது. அதில் ஆங்கில அரசின் ஆளுநர் ஹட்சின்சன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அரசை எதிர்த்து விடுதலைப் போரில் முன்நின்ற ஜான் ஹான்காக்கும் போட்டிருக்கிறார். அரசியலில் எதிரெதிர்த் தரப்பு. ஒரு கறுப்புப் பெண்ணுக்குச் சான்று வழங்கும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருக்காங்க.

அந்தச் சான்றும் போதவில்லை. எல்லா மனிதரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், இவரைக் கவிஞர் என்று ஏற்க முடியாது என்று தன் புத்தகத்தில் எழுதினார். தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். வீட்லி விடுதலை பெற்றபின் இரண்டாவது தொகுப்புக்கு ஆதரவு தேடினார், கிடைக்கவில்லை. 1784இல் வறுமையில் இறந்துபோனார்.

எழுத்தின் மேல் இவ்வளவு காவல் ஏன்? அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று தென் கரோலினா 1740லேயே சட்டம் போட்டது. அதற்கு முந்தின வருஷம் அங்கே ஸ்டோனோவில் அடிமைகள் ஆயுதம் எடுத்திருந்தார்கள். 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் கலகம் நடந்த பிறகு தெற்கில் பல மாநிலங்களில் இந்தத் தடை இன்னும் இறுகியது. டர்னர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கலகத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஆண்டைகளுக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது. அதனால அடிமை படிக்கக் கூடாது. மீறிப் படித்தாலும் எழுதியது அவன்தான் என்று நம்பக் கூடாது. ரெண்டும் ஒரே அதிகாரத்தின் ரெண்டு கைகள்.

பிரடெரிக் டக்ளஸுக்கு வருவோம். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எசமானி எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார், எசமான் தடுத்துவிட்டார். பையன் விடவில்லை. தெருவில் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொண்டான். 1838இல் வடக்கே தப்பி வந்தார். 1841 முதல் அடிமை ஒழிப்புச் சங்க மேடைகளில் பேசினார். இவ்வளவு நல்லாப் பேசறவன் அடிமையா இருந்திருப்பானான்னு கேட்டவங்களுக்குச் சந்தேகம். கூட இருந்த வெள்ளைத் தோழர்களோ, பட்ட கஷ்டத்தைச் சொன்னால் போதும், அதற்கு விளக்கம் சொல்வதை எங்களிடம் விட்டுவிடு என்றார்கள். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து வாடை இருந்தால்தான் நம்புவார்கள் என்றும் யோசனை சொன்னார்கள். இதையெல்லாம் டக்ளஸ் பிற்பாடு தானே பதிவு செய்திருக்கிறார்.

சந்தேகத்துக்குப் பதிலாக 1845இல் தன் வரலாற்றை வெளியிட்டார். தானே எழுதியது என்று தலைப்பிலேயே போட்டார். எசமானின் பெயர், ஊர் எல்லாம் உள்ளே இருந்தன. மெய் என்று நிரூபிக்கக் கொடுத்த விவரங்களே அவரைப் பிடித்துக் கொடுக்கப் போதுமானவை. பிரிட்டனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. 1846இல் அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி அவரை எசமானிடமிருந்து மீட்டார்கள். அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களில் இருப்பவை காரிசனும் வென்டல் பிலிப்சும் எழுதியவை. இரண்டு பேரும் வெள்ளையர்கள், அடிமை ஒழிப்புக்காக வாழ்ந்தவர்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டக்ளஸ் 1847இல் ராச்செஸ்டரில் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தபோது காரிசனுக்கு அது பிடிக்கவில்லை. சாட்சியாக இருந்தவன் ஆசிரியர் நாற்காலியில் உட்காரும்போதுதான் நட்பின் எல்லை தெரியவருகிறது.

1855இல் டக்ளஸ் தன் வரலாற்றை விரித்து இரண்டாவது புத்தகம் எழுதினார். அதுக்கு முன்னுரை எழுதினது யார் தெரியுமா? ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். கறுப்பு மருத்துவர். அமெரிக்கக் கல்லூரிகள் கதவைச் சாத்தியதால் கிளாஸ்கோவுக்குப் போய் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். பத்து வருஷத்தில் முன்னுரை கை மாறிவிட்டது. அமெரிக்க இலக்கிய வரலாற்றில் இதை நான் ஒரு பெரிய நிகழ்ச்சியாகப் பார்க்கிறேன்.

பெண்ணுக்கு இது இன்னும் கடினம். ஹாரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவில் பிறந்தவர். எசமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்பித்துத் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒரு பொந்தில் ஒளிந்துகொண்டார். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி. ரொம்ப உயரமான இடமே மூணு அடிதான், நிமிர்ந்து உட்கார முடியாது. அங்கே கிட்டத்தட்ட ஏழு வருஷம் கிடந்தார். கீழே தன் பிள்ளைகள் விளையாடுவதை ஓட்டை வழியாகப் பார்த்தார். தான் வடக்கே போய்விட்டதாக எசமானை நம்பவைக்க, பொந்துக்குள்ளிருந்து கடிதம் எழுதி நியூயார்க்கிலிருந்து தபாலில் போட ஏற்பாடு செய்தார். எழுத்தை ஆயுதமாப் பிடிக்கிறதுன்னா இதுதான்.

1842இல் வடக்கே தப்பினார். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது என்று அந்தச் சட்டமே சொன்னது. அடிமைதான் என்று திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் அதிகாரிக்குப் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர். புத்தகத்தில் அவன் சொல்லுக்கு அத்தாட்சி கேட்டார்கள், விசாரணையில் அவன் சொல்லே கூடாது என்றார்கள். ஜேக்கப்சைத் தேடி எசமான் வீட்டார் நியூயார்க்கு வரைக்கும் வந்தார்கள்.

1852இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதி விற்றது. அந்தச் சட்டத்தின் மேல் எழுந்த கோபத்தில் பிறந்த நாவல் அது. ஜேக்கப்ஸ் தன் கதையை எழுத ஸ்டோவின் உதவியை நாடினார். ஸ்டோவ் அந்தக் கதையைத் தன்னுடைய அடுத்த புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள விரும்பினார். இது உண்மையா என்று ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு எசமானியிடமே விசாரித்தும் எழுதினார். தன் பிள்ளைகளின் தகப்பன் யார் என்பதை ஜேக்கப்ஸ் அந்த எசமானியிடம் அதுவரைக்கும் சொன்னதில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையை எப்போது, யாரிடம் சொல்வது என்கிற உரிமையைக்கூட இந்தச் சரிபார்ப்பு பறித்துவிட்டது. தானே எழுதுவது என்று ஜேக்கப்ஸ் முடிவு செய்தார். பகலெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் எழுதினார். வெள்ளைப் பெண் முன்னுரை வேண்டும் என்று பதிப்பாளர் நிபந்தனை போட்டார். லிடியா மரியா சைல்ட் எழுதிக் கொடுத்தார், 1861இல் புத்தகம் வந்தது. ஜேக்கப்ஸ் புனைபெயரில் வெளியிட்டிருந்தார். பிற்கால ஆய்வாளர்கள் பலர் இதைச் சைல்ட் எழுதிய நாவல் என்றே கருதினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களைத் தேடி எடுத்து, 1987இல் வந்த பதிப்பில் இது ஜேக்கப்சின் சொந்த வரலாறு என்று நிறுவினார். ஒரு அடிமைப் பெண் தன் புத்தகத்தைத் திரும்பப் பெற நூற்றிருபத்தாறு வருஷம் ஆயிருக்கு.

அடிமைமுறை சட்டப்படி 1865இல் ஒழிந்தது. இந்தப் பழக்கம் ஒழியவில்லை. அடிமைக் கப்பலில் கடைசியாக வந்தவர்களில் ஒருவரான கொசோலாவைச் சந்தித்து, அவர் பேசினபடியே சோரா நீல் ஹர்ஸ்டன் 1931இல் ஒரு புத்தகமாக எழுதி முடித்தார். அந்தப் பேச்சு மொழியை மாற்றிக் கொடு என்றது பதிப்பகம். அவர் மாட்டேன் என்றார். 2018இல்தான் அது அச்சுக்கு வந்தது. டக்ளசுக்குத் தோட்டத்து வாடை போதவில்லை, கொசோலாவுக்கு அது அதிகமாகிவிட்டது. அளவுகோலை யார் கையில் வச்சிருக்காங்கன்னு பாருங்க.

இந்த வரலாறு நமக்குத் தூரத்துக் கதை அல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’யை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒழித்துவைத்தவர்களுக்கு நன்றி சொன்ன பூலேயின் காலத்திலிருந்து, போராடியவர்களோடு நேராகப் பேசும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

மாணவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்று. டக்ளசின் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு, முன்னுரையிலிருந்து படிங்க. அப்புறம் நம்ம ஆளுங்க புத்தகங்களையும் அதே மாதிரி எடுத்துப் பாருங்க. வேதனையை மட்டும் நம்மகிட்ட வாங்கிக்கொண்டு, அதற்குப் பொருள் சொல்வதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிற முன்னுரை எதுன்னு கண்டுபிடிங்க. அடுத்த கூட்டத்துல அதைப் பத்திப் பேசலாம்.