தெரியாதவன் போல் ஆடுதல்

சதுரங்கம் ஆடுகின்ற ஒருவர் தமது திறமையை நெடுநேரம் மறைத்து வைத்தல் இயலாது. பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்றுவிட்டு, "ஏதோ தற்செயலாக நேர்ந்தது" என்று அவர் சொன்னால் எதிரே இருப்பவர் நகைப்பார். சீட்டாட்டத்தின் நிலை வேறு. கலைத்துப் போட்ட சீட்டில் எது எவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதை அங்கே எவரும் அறியார். வல்லவன் தோற்பதும், ஒன்றும் அறியாதவன் ஓர் இரவில் அள்ளிக்கொண்டு போவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். ஆகவே திறமையை மறைக்கும் திரை ஒன்று அந்த ஆட்டத்திலேயே அமைந்து கிடக்கிறது. அத்திரைக்குப் பின்னே நின்று, தம்மை இளைத்தவராகக் காட்டி வெல்லுகின்ற கலையைப் பற்றிச் சிறிது பேச எண்ணுகிறோம். போக்கர் என்னும் அமெரிக்க ஆட்டம் இக்கலைக்குப் பேர் போனது.

இன்று பெரிதும் ஆடப்படுகின்ற போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கவிழ்த்து வழங்கப்படும். பிறகு எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றுமாக, மேசைமேல் திறந்து வைக்கப்படும். இடையிடையே நான்கு முறை பந்தயம் கட்டுவர். உயர்ந்த சீட்டுச் சேர்க்கையைக் காட்டியவன் வெல்வான் என்பது ஒரு வழி. ஏனையோர் அனைவரும் அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், எஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்வான் என்பது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியினால்தான், கையில் ஒன்றுமே இல்லாதவனும் துணிந்து பெருந்தொகை கட்டுகிறான். இதனைப் பிளஃப் என்பர். இச்சொல்லைத் தமிழாக்குவது எளிதன்று. பொய் என்றால் குற்றம் மிகுந்துவிடுகிறது. மிரட்டல் என்றால் பொருள் தவறிவிடுகிறது. வெறுங்கையை மூடிக் காட்டுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் குறை காண இடமில்லை. கணித மேதை ஜான் வான் நாய்மன், பொருளியலறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். நல்ல சீட்டு வந்தபோது மட்டும் பணம் கட்டுபவனை எதிரிகள் விரைவில் படித்துவிடுவர். ஆதலால் வலுவற்ற சீட்டுடனும் அவ்வப்போது உயர்த்திக் கட்டுவதே அறிவுடைமை என்பது அந்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. கையிலுள்ளதை மறைப்பது ஆட்டத்தின் விதி. அமர்ந்தோர் அனைவரும் அதை அறிந்தே அமர்கின்றனர்.

நாம் பேச வந்தது மற்றொரு மறைப்பு. அது சீட்டை மறைப்பதன்று, ஆளையே மறைப்பது. போக்கரையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? தன்னைவிடத் தாழ்ந்த ஆட்டக்காரரிடமிருந்துதான். அவர்கள் தாமாக விரும்பி எதிரில் வந்து அமர வேண்டும். வல்லவன் என்ற பெயர் பரவினாலோ நாற்காலிகள் காலியாகிவிடும். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் புகழே முதல். இத்தொழிலில் புகழே நட்டம்.

இதற்குச் சான்றாக நியூயார்க்கில் பிறந்த ஸ்டூ அங்கரைச் சொல்லலாம். ஜின் ரம்மி என்ற சீட்டாட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை. எதிரியின் கையிலுள்ள சீட்டுகளை, அவன் கீழே இறக்கியவற்றிலிருந்தே கணித்துவிடுவார். அந்தத் திறமையை அவர் மறைக்கவும் இல்லை. மறைக்கும் பொறுமை அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. விளைவு, அவரோடு ஜின் ரம்மி ஆட எவரும் முன்வரவில்லை. வேறு வழியின்றிப் போக்கருக்கு வந்தார். 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் லாஸ் வேகாஸ் நகரின் உலகப் போக்கர் தொடரில் தலைமைப் பட்டத்தை வென்றார். கடைசி வெற்றிக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. மறு ஆண்டு நவம்பரில் அந்நகரின் மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். போதைப் பழக்கம் உடலை அரித்திருந்தது. அவரிடம் அப்போது இருந்தது சில நூறு டாலர்களே.

1980ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற டாயில் பிரன்சன், அதற்கு முன் 1976லும் 1977லும் அதே பட்டத்தை வென்றவர். அவர் 1978இல் தமது ஆட்டமுறையை விளக்கித் தடித்த நூலொன்றை வெளியிட்டார். அது போக்கர் உலகின் பாடநூலாயிற்று. ஆயினும் அந்நூலை எழுதியதால் தமக்குப் பெரும்பணம் நட்டமாயிற்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தம்முடைய ஆட்டத்தை எதிரிகள் தம் நூலிலிருந்தே கற்றுவந்தார்கள் அல்லவா?

இனி, மறைக்கத் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? மேசையில் அமர்ந்ததும், "ஒரே இனத்துச் சீட்டு ஐந்து வந்தால் பெரிதா, வரிசையாக ஐந்து வந்தால் பெரிதா?" என்று அப்பாவியாகக் கேட்பது மிகப் பழைய முறை; இக்காலத்தில் அதற்கு ஏமாறுவோர் குறைவு. நுட்பமான முறை வேறு. சிறு தொகை கிடக்கும்போது ஓர் அசட்டுத் துணிச்சல் செய்து, பிடிபட்டு, அந்த வெறுஞ்சீட்டை எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காட்டுவார்கள். இதற்கு அவர்கள் வழங்கும் பெயர் விளம்பரம். இரண்டு மணி நேரம் கழித்து உண்மையிலேயே உயர்ந்த சீட்டு வரும். அப்போது "இவன் எதையும் நம்பிக் கட்டுகிறவன்" என்ற எண்ணத்தில் எதிரி விடாமல் தொடர்வான். காலையில் இழந்த பத்து டாலர் மாலையில் ஆயிரமாகத் திரும்பும்.

இவற்றையெல்லாம் ஓரளவு பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒன்று உண்டு. தன்னைவிடக் குறைந்தவன் தனக்கு ஆட்டம் கற்பிக்கும்போது வாய்மூடிக் கேட்டிருப்பதுதான் அது. தவறாக ஆடியவன் குருட்டு அதிர்ஷ்டத்தால் வென்றுவிட்டால், "அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தொடரலாமா?" என்று கடிந்துகொள்ளத் துடிக்கும் நாக்கை அடக்க வேண்டும். பெரும்பாலான வல்லவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். பணத்தைவிட மதிப்பு அவர்களுக்கு இனிக்கிறது. எதிரியின் பிழையை எடுத்துச் சொல்லித் திருத்திவிட்டு, நாளை அவனிடமே பணம் இழப்பவர்களைக் காணலாம்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. இந்த வேடத்தில் பாதியை நெய்து கொடுப்பவன் தோற்பவனே. தோற்றவன் தன்னைவிடச் சிறந்தவனிடம் தோற்றதாக நினைக்க விரும்புவதில்லை. சீட்டு சரியில்லை என்றே நினைக்க விரும்புகிறான். வென்றவன் "என் நல்ல நேரம்" என்று முணுமுணுத்தால் போதும். எஞ்சியதை அவன் மனமே சொல்லிக்கொள்ளும். 2003இல் உலகத் தொடரை வென்றவர் டென்னஸி மாநிலத்துக் கணக்கர் ஒருவர். கிறிஸ் மனிமேக்கர், அதாவது பணம் பண்ணுபவர் என்பது அவர் குடும்பப் பெயர். கதையில் எழுதினால் ஆசிரியரைக் கண்டிப்போம். இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதி பெற்று வந்த அவர், 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். இறுதியில் எதிரே இருந்த தொழில்முறை வீரர் சாமி ஃபார்ஹா, வெறுஞ்சீட்டுடன் அவர் வைத்த முழுப் பந்தயத்தைக் கண்டு, வென்றிருக்கக்கூடிய தம் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். இவர் வேடம் போடவில்லை, புதியவராகவே இருந்தார். பார்த்தவர்களின் எண்ணமே அவருக்கு முகமூடியாயிற்று.

அப்படி எண்ணிக்கொள்ளும் மனம் இல்லாத எதிரியிடம் இவ்வித்தை பலிப்பதில்லை. 2017இல் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், தேர்ந்த வீரர் நால்வருடன் 1,20,000 கைகள் ஆடி வென்றது. பகலில் அவர்கள் கண்டுபிடித்த தன் ஓட்டைகளை இரவோடு இரவாக அடைத்துக்கொண்டது.

நீதிமன்றத்திலோ இவ்வேடம் தலைகீழாக மாறுகிறது. சூதாட்டச் சட்டங்கள் பலவும், ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா என்று கேட்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. போக்கரும் அத்தகையதே என்று 2012இல் நியூயார்க்கில் ஒரு நடுவர் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. மேசையில் "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொன்னவர், நடுவர் முன்னே "எல்லாம் திறமை" என்று வாதிடுவதைக் காண்கிறோம். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்க 2025இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா வாய்ப்பா என்ற வேறுபாட்டையே பொருட்படுத்தவில்லை. அந்த வேறுபாட்டைப் பேசிப் பேசியே பலர் வீட்டை இழந்த பிறகு வந்த சட்டம் அது.

திறமையை மறைப்பது வஞ்சகமா என்ற கேள்வி எஞ்சுகிறது. பாரதத்தை நினைத்தால் நமக்குச் சற்றுத் தடுமாற்றமே உண்டாகிறது. சகுனியின் சூது கள்ளச்சூது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தன் வன்மையை அவன் மறைத்தானில்லை. அவன் சூதில் தேர்ந்தவன் என்பதை விதுரர் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே தருமன் அமர்ந்தான். மறைத்தவன் நளனே. தேரோட்டி வாகுகனாகத் திரிந்த காலத்தில், தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் ஒரு நோக்கில் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் அவன் சூதின் மறையைக் கற்றான். பிறகு தன் நாட்டுக்கு மீண்டு புட்கரனை மீண்டும் ஆட அழைத்தபோது, புதிதாகக் கற்ற வித்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய நளன்தான் வந்திருக்கிறான் என்றெண்ணிய புட்கரன், தமயந்தியும் தன் கைக்கு வந்துவிட்டதாகவே மகிழ்ந்து சிரித்தான். ஒரே எறிவில் எல்லாம் போயிற்று.

நளனை நாம் வஞ்சகன் என்பதில்லை. இழந்ததைக் கலியின் சூழ்ச்சியால் இழந்தான், மீட்டதைத் தன் அறிவால் மீட்டான் என்று சமாதானம் கூறுகிறோம். லாஸ் வேகாஸ் மேசையில் ஆயிரம் டாலர் இழந்து எழுந்து போகின்றவனுக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா என்பது ஐயமே. தன் சீட்டைப் பற்றி அவன் ஏமாந்திருந்தால் அது ஆட்டம். எதிரே இருந்தவன் யார் என்பதில் ஏமாந்தமையால், அமரலாமா கூடாதா என்று முடிவு செய்யும் உரிமையையே இழந்துவிட்டான். நளன் கதை வேறு வகையாக முடிகிறது. வென்றவன் புட்கரனின் உயிரையும் உடைமையையும் அவனுக்கே திருப்பித் தந்து, தம்பி என்று தழுவிக்கொண்டான். புட்கரன் ஒரு திங்கள் அங்கே விருந்தினனாகத் தங்கியிருந்து, பிறகு தன் ஊருக்குப் போனான்.