உயிர் மீண்டபின் உடல் மீளும் வழி

நோயினின்று உயிர் பிழைத்தல் வேறு. பிழைத்தபின் நலமுற வாழ்தல் வேறு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்பின ஆடவர், உடற்பயிற்சியால் நலம் மீள முயலும் வரலாற்றை இன்று நாம் சிறிது நேரம் சிந்திப்போம்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சுரப்பி. வடநாட்டுக் கடைகளில் நாம் காணும் அக்ரோட்டுக் கொட்டையின் அளவே உடையது. அந்நாட்டு ஆடவரில் எட்டுப் பேரில் ஒருவர்க்கு வாழ்நாளில் இதில் புற்று காணப்படுகிறது. கறுப்பினத்தவரிலோ ஆறு பேரில் ஒருவர்க்கு. இந்நோயால் அவர்கள் மாளும் வீதமும் வெள்ளையரினும் ஏறத்தாழ இரு மடங்காகும். பிறப்பு ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. நோயைப் பிந்தி அறிதலும், நல்ல மருத்துவம் எட்டாமையும் பெருங்காரணங்கள். முன்னாள் படைவீரர்க்குரிய அரசு மருத்துவமனைகளில் இரு சாராரும் ஒத்த சிகிச்சை பெறும்போது, இவ்வேற்றுமை பெரிதும் குறைவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஆண்மைச் சுரப்புநீரை அடக்கினால் இப்புற்று ஒடுங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர் கண்டார். 1966-இல் அதற்கென நோபல் பரிசும் பெற்றார். அம்முறை இன்றளவும் பலருடைய உயிரைக் காக்கிறது. ஆயினும் அதனால் தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது, கொழுப்பு மிகுகிறது, நீரிழிவும் இதயநோயும் அணுகுகின்றன. உறங்கி எழுந்தும் தீராத சோர்வு வாட்டுகிறது. அறுவைச் சிகிச்சை பெற்றோரிற் சிலர்க்குச் சிறுநீர் அடங்குவதில்லை; இல்லறமும் தளர்கிறது. இவற்றை வெளியே சொல்ல நாணி, பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகின்றனர். முடங்க முடங்க உடல் மேலும் நலிகிறது.

இதற்கு மாற்று எளியது. வாரம் மும்முறை, முறைக்கு 30 நிமிடம் விரைந்து நடத்தலும், வாரம் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தலும் சோர்வைத் தணிக்கும் என 2019-இல் வல்லுநர் குழுவொன்று அறிவுறுத்தியது. மகப்பேற்றுக்குப்பின் தளர்ந்த பெண்களுக்கென ஆர்னால்டு கெகல் என்னும் மருத்துவர் 1948-இல் வெளியிட்ட இடுப்படித் தசைப் பயிற்சி, இன்று இவ்வாடவர்க்கும் உதவுகிறது. வாரத்தில் மூன்று மணி நேரமேனும் கடும்பயிற்சி செய்தோர் இப்புற்றால் இறத்தல் 61 விழுக்காடு குறைந்திருந்ததாக 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கண்டது. ஆனால் அதில் ஆராயப்பட்டோர் மிகப் பெரும்பாலும் வெள்ளையரே. நோய் எவரை மிகுதியாகத் தாக்குகிறதோ, அவரையே ஆராய்ச்சி விட்டுவிட்டது!

ஆராய்ச்சிக்கு அவர்களை அழைப்பதும் எளிதன்று. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், நூற்றுக்கணக்கான கறுப்பின ஆடவரின் மேகநோயைக் குணப்படுத்தாமலே அரசு மருத்துவர் கவனித்து வந்தனர். அந்நினைவு இன்னும் ஆறவில்லை. தெருவில் நடப்பதும் அனைவர்க்கும் ஒன்றன்று. 2020 பிப்ரவரி 23-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிச்சென்ற 25 வயது இளைஞர் அஹ்மத் ஆர்பெரியை வெள்ளையர் துரத்திச் சுட்டுக் கொன்றனர். “வெளியே சென்று நடந்து வாருங்கள்” என்று மருத்துவர் கூறுமுன், எந்தத் தெருவில், எவர் துணையோடு என்றும் எண்ணவேண்டியிருக்கிறது.

வழி இல்லாமற் போகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 52 முடிதிருத்தும் நிலையங்களில், 319 கறுப்பின ஆடவரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பழகிய இடத்திற்கே மருந்தாளர் வந்து குருதியழுத்தத்தைக் கவனித்தபோது, அது வியக்கத்தக்க அளவு தணிந்தது. நம்பிக்கை உள்ள இடத்தில் மருத்துவமும் வேரூன்றும் என்பதே அது தரும் பாடம். மீளும் நோயாளர்க்கும் தேவாலய மண்டபமும், ஒன்றாய் நடக்கும் தோழர் குழுவும் அத்தகைய இடங்களாகலாம்.

நேயர்களே, ஊரை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும் முதியோர் உளர். சிறுநீர்த் தொல்லையை அவர்கள் சொல்லத் தயங்கின், நாமே பரிவோடு கேட்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சிகிச்சை முடிந்தபின், மருத்துவர் இசைவு பெற்று, மாலையில் அவர்களோடு சிறிது தொலைவு நடப்போம். தனியே நடக்கத் தயங்கும் கால்கள் துணையிருந்தால் துணிந்து நடக்கும்.