பன்னிரண்டு வயதில் போட்ட கையெழுத்து

இன்று சட்டப் பட்டம் பெறும் இளைஞர்களே, கறுப்பு அங்கிக்குள் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்று ஒரு பாடகியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பெயர் லியான் ரைம்ஸ். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1982இல் பிறந்து, டெக்சாஸில் டல்லஸ் நகரை ஒட்டிய கார்லண்டில் வளர்ந்தவர். கன்ட்ரி இசை என்று அங்கே சொல்வார்களே, கித்தாரும் ஃபிடிலுமாகத் தெற்கு மாநிலங்களில் வேரூன்றிய இசை, அதில் பேர்போனவர். எட்டு வயதிலேயே 'ஸ்டார் சர்ச்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் நாடு முழுக்கப் பார்க்கப் பாடினார்.

அவர் பெயரை நிலைநிறுத்திய பாட்டு 'ப்ளூ'. பில் மேக் என்ற டெக்சாஸ் வானொலி அறிவிப்பாளர் 1950களில் எழுதிய பழைய பாட்டு அது. அதன் ஒலிநாடா ரைம்ஸ் வீட்டுக்கு வந்தது. அப்பா வில்பர் ரைம்ஸ்தான் மகளுக்குத் தயாரிப்பாளர், வழிகாட்டி எல்லாம். கேட்டுவிட்டு, சின்னப் பெண்ணுக்கு இது தோதுப்படாது என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். மகள் போய் அதைப் பொறுக்கி எடுத்தாள். முதல் சொல்லிலேயே குரலைச் சட்டென்று உடைத்து மேலே தூக்கும் யோடல் நெளிவு ஒன்றைத் தானாகவே சேர்த்துப் பாடிக் காட்டினாள். அப்பா மனம் மாறியது. நியூ மெக்சிகோவின் க்ளோவிஸ் என்ற சிற்றூரில், நார்மன் பெட்டியின் ஒலிப்பதிவுக்கூடத்தில், பதினோரு வயதில் அதைப் பதிவு செய்தார்.

1996இல் கர்ப் என்ற இசை நிறுவனம் அதே பாட்டை நாடறிய வெளியிட்டது. அதே பெயர்கொண்ட ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சத்துக்கு மேல் விற்றது. 1997 பிப்ரவரியில், பதினான்கு வயதில், இரண்டு கிராமி விருதுகள். தனிக் கலைஞராக அந்த விருதை அவ்வளவு சிறு வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. அடுத்து வந்த 'ஹௌ டூ ஐ லிவ்' பில்போர்டு இதழின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 69 வாரங்கள் இருந்து அன்றைய சாதனையை முறியடித்தது. அந்த நாளில் டல்லஸில் இருந்த என் அத்தை மகள் அனுப்பிய கேசட்டில்தான் 'ப்ளூ'வை முதலில் கேட்டேன். பாடுவது ஒரு சிறுமி என்று சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

கூடையிலிருந்து ஒலிநாடாவை எடுத்தது யார் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குரல் அவளுடையது, இந்தப் பாட்டுதான் என்ற தீர்மானமும் அவளுடையது. ஆனால் அந்த உழைப்பையும் வருமானத்தையும் பற்றிய காகிதங்கள் பெரியவர்களின் கையில் இருந்தன. 2000ஆம் ஆண்டு, பதினேழு வயதில், தன் தந்தைமீதும் முன்னாள் மேலாளர்மீதும் டல்லஸில் வழக்குத் தொடர்ந்தார். எழுபது லட்சம் டாலருக்கு மேல் தன் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது பிராது. அதே ஆண்டு கர்ப் நிறுவனத்தின்மீதும் ஒரு வழக்கு, பன்னிரண்டு வயதில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட. இரண்டுமே சமரசத்தில் முடிந்தன. தந்தையும் மகளும் பின்னாளில் ஒன்று சேர்ந்தார்கள்.

அந்தத் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. மகளின் பாட்டுக்காகவே தன் வாழ்க்கையைத் திருப்பி அமைத்துக்கொண்டவர் அவர். பாசம் இருந்த இடத்தில் கணக்கு இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன். பெற்ற பாசமும் பெருந்தொகையும் ஒரே கையில் இருக்கும்போது, வெளியாள் ஒருவர் கணக்குக் கேட்டே ஆகவேண்டும். கேட்பதற்குச் சட்டம் வேண்டும்.

2001 செப்டம்பரில், பத்தொன்பது வயது நிரம்பிய சில நாட்களில், அவர் கலிபோர்னியா செனட் குழுவின் முன்னால் சாட்சி சொன்னார். அந்த மாநிலத்தில் யாரையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை 1944இல் வார்னர் பட நிறுவனத்தோடு போராடி உறுதிப்படுத்திய உரிமை அது. 1987இல் இசை நிறுவனங்கள் தங்களுக்கென ஒரு விலக்கை வாங்கிக்கொண்டன: பாடகர் ஏழு ஆண்டில் வெளியேறினால், தராத ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்கலாம். பன்னிரண்டு வயதில் கையெழுத்திட்ட நான் இந்த ஒப்பந்தத்தை முடிக்கும்போது எனக்கு 35 வயதாகியிருக்கும் என்று அந்தப் பெண் எடுத்துச் சொன்னார். அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை.

நம் நாட்டில் என்ன நிலை? நான் படித்த காலத்தில் சென்னைச் சட்டக் கல்லூரி உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து, கோட்டை நிலையத்தில் இறங்கி நடப்போம். மழை நாளில் புடவைக் கரையெல்லாம் சேறாகிவிடும். ஆனாலும் முதல் வகுப்பைத் தவறவிட மனம் வராது, ஏனென்றால் அது ஒப்பந்தச் சட்டம். எங்கள் பேராசிரியர் மொஹோரி பீபி வழக்கைக் கதை சொல்வதுபோல நடத்துவார். 1903இல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு: மைனர் போட்ட ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது. குழந்தையைக் காக்கும் அருமையான கவசம் என்று எங்கள் வகுப்பே மெச்சியது.

தொழிலுக்கு வந்தபின் ராஜ் ராணி வழக்கைப் படித்தேன். 1948, பம்பாய் உயர்நீதிமன்றம். ஒரு மைனர் பெண்ணைப் படத்தில் நடிக்கவைக்க அவள் தந்தையும் பிரேம் அதீப் என்ற தயாரிப்பாளரும் ஒப்பந்தம் செய்தார்கள். வேடம் வேறொருவருக்குப் போனது, ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. பெண் நஷ்டஈடு கேட்டாள். மைனரின் ஒப்பந்தம் செல்லாது, ஆகவே நீ வழக்குப் போட முடியாது என்றது நீதிமன்றம். தந்தைக்கும் அந்த உரிமை இல்லை என்றது. இத்தனை ஆண்டுத் தொழிலில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் தீர்ப்பு அது. மைனர் பெயரில் உள்ள கால் ஏக்கரை விற்கக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி பெறவேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம். அதே மைனரின் குரலை விற்றால் எந்த நீதிமன்றமும் கணக்குக் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் விதிகள் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தன. குழந்தைக் கலைஞர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் வைப்பாகப் போடவேண்டும். நல்ல விதி. ஆனால் சட்டம் 'குழந்தை' என்பது பதினான்கு வயது நிரம்பும் வரைதான். ரைம்ஸ் கிராமி வாங்கிய வயதில் நம் ஊர்ப் பெண்ணுக்கு இந்த வைப்புத்தொகைப் பாதுகாப்பு முடிந்துபோகிறது. மீதி 80 சதவீதத்துக்கோ எந்த வயதிலும் கணக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் தேர்வான குழந்தை. ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்கம்மா, நாளைக்கு அனுப்பணும்' என்றார். குழந்தையின் பதிவான குரல் பிரபஞ்சம் முழுவதற்கும், எக்காலத்துக்கும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு ஷரத்து. அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அதுவரை பேசாமல் இருந்த குழந்தை, 'அப்போ நான் பெரியவளாகிப் பாடினா?' என்று கேட்டாள். நான் கேட்டிருக்கவேண்டிய அத்தனை கேள்வியும் அதற்குள் இருந்தது. அந்த ஷரத்தை ஓராண்டுக்குச் சுருக்கக் கடிதம் எழுதினோம், நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதிர்த்தரப்பில் இருந்த இளம் வழக்குரைஞரும் தன் கட்சிக்காரரிடம் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். அப்படிப்பட்ட வழக்குரைஞர்களாக நீங்கள் வரவேண்டும்.

ரைம்ஸ் இன்றும் பாடுகிறார். இரண்டு வயதிலிருந்து அவருக்கு சோரியாசிஸ் என்ற தோல் நோய். மேடையில் கொளுத்தும் வெப்பத்திலும் கால்களை மூடி மறைத்தே பாடிய பெண், 2020இல் நோயின் தடிப்புகளோடு தன் உடலைப் படமெடுக்கவிட்டு, மறைத்து வாழ்ந்த களைப்பைப் பற்றி எழுதினார். முப்பது வயதில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சைக்குச் சேர்ந்தபோதும் ஒளிக்கவில்லை. 2024இல் பிரிட்டனின் 'தி வாய்ஸ்' போட்டியில் புதிய பாடகர்களுக்கு வழிகாட்டியாக உட்கார்ந்தார். அந்தத் துணிவின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 20 சதவீத விதியைப் பதினெட்டு வயது வரை நீட்டவும், மீதிப் பணத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும், ஒப்பந்தம் போடும் நாளில் குழந்தைக்கெனத் தனி வழக்குரைஞர் ஒருவர் இருக்கவும் ஒரு சட்டத்திருத்த வரைவு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பிற நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படிக்க, தீர்ப்புகளைத் தொகுக்க, தமிழில் எளிய மாதிரி ஒப்பந்தம் எழுத ஆட்கள் தேவை. ஊதியம் சொற்பம்தான், வேலை நிறைய. விருப்பமுள்ளவர்கள் உங்கள் துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். அடுத்த மாதமே தொடங்கலாம்.