வயிற்றுக்குள் ஒரு நிட்டிங் துணி

இந்த நேரத்தில் உங்களில் பலர் ஓவர்லாக் மிஷினுக்கு முன்னாலோ கட்டிங் டேபிள் பக்கத்திலோ நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கை, திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டி-சர்ட் துணி 160, 180 வரும். 40 ஜி.எஸ்.எம்.மில் ஒரு நிட்டிங் துணி இருக்கிறது. அதை யாரும் உடுத்துவதில்லை. வயிற்றுக்குள் வைக்கிறார்கள்.

குடலிறக்கம், அதாவது ஹெர்னியா வந்தவர்களுக்கு, "வலை வைக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். வயிற்றுத் தசைச் சுவர் தளர்ந்த இடத்தில் குடல் பிதுங்கும். ஓரங்களை இழுத்துப் பிடித்துத் தைத்தால், இறுக்கம் தாங்காமல் மறுபடி விட்டுப்போகலாம். அதனால் ஒட்டுப் போடுகிறார்கள். அமெரிக்க சர்ஜன் பிரான்சிஸ் அஷர் 1950களின் கடைசியில் இதற்குப் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். பிறகு பாலிபுரோப்பிலீன் நிலைத்தது. அரிசிச் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக்தான், மருத்துவத் தரத்தில்.

இந்த வலை பெரும்பாலும் வார்ப் நிட்டிங். நம் ஊர் வட்ட மிஷின் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டம் விடும். வார்ப் நிட்டிங்கில் கண்ணிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால், சர்ஜன் எப்படி வெட்டினாலும் எளிதில் பிரியாது.

நூல் விஷயம்தான் நமக்குத் தலைகீழ். பனியனுக்கு மெல்லிய இழைகளை முறுக்கி மென்மை தேடுகிறோம். உடம்புக்குள் அந்த முறுக்கே ஆபத்தாகலாம். இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து 10 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா அதில் புகுந்துகொள்ளும். அதைப் பிடிக்க வேண்டிய வெள்ளை அணு பெரியது, நுழைய முடியாது. ஆகவேதான் ஒற்றை இழையை விரும்புகிறார்கள், கண்ணும் 75 மைக்ரானுக்கு மேல் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கண்கள் வழியாகச் சதையும் ரத்தக் குழாயும் வளர்ந்து, வலை தசைச் சுவரோடு ஒன்றாகிவிடும். ஷ்ரிங்கேஜும் உண்டு! தழும்பு சுருங்கும்போது வலையையும் இழுக்கும். அதற்கும் சேர்த்துத்தான் ஓட்டையைவிட அகலமாக வைக்கிறார்கள்.

விலைதான் ஏழைக்கு இடித்தது. மகாராஷ்டிராவின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி வைத்துப் பார்த்தார். பல ஊர் சர்ஜன்களோடு சேர்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் மலிவான வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. அறுவைச் சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று: வீட்டில் தொங்கும், பூச்சிமருந்து தோய்த்த வலை இதற்கு ஆகாது.

பக்கத்துக் கரூர் கொசுவலைக்குப் பேர்போனது. கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் இருக்கிறது. கண்ணி போடுவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் கிளீன் ரூம், பரிசோதனைகள், மருத்துவச் சாதன உரிமம் இவற்றுக்குப் பொறுமையும் முதலும் வேண்டும். சீசன் ஆர்டர் புத்தியோடு இதில் இறங்க முடியாது என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வலை வைத்தால், பெட்டியோடு வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வையுங்கள். கம்பெனி பெயர், அளவு, பேட்ச் நம்பர் அதில் இருக்கும். பின்னால் ஏதும் தொந்தரவு வந்தால், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.