கைதும் வழக்கும்: ஜமாஅத்தார் அறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

காவல்நிலையத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளிவாசல் இடமா என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். மஹல்லாவில் ஒருவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றால் அவருடைய வீட்டார் முதலில் ஓடி வருவது இந்த வாசலுக்குத்தான். வருகிறவர்களுக்கு ஆறுதல் மட்டுமே சொல்லத் தெரிந்திருந்ததால் நேர்ந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் நடந்த அடிதடி ஒன்றில் நம் தெரு இளைஞர் ஒருவரை மஃரிப் தொழுகைக்குப் பின் அழைத்துச் சென்றார்கள். இரவு முழுவதும் அவர் நிலையத்தில் இருந்தார். மறுநாள் காலை எங்களை அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். பெரியவர்கள் என்று மதித்துக் கேட்கிறார்களே என்ற எண்ணத்தில் படிக்காமலேயே கையொப்பமிட்டோம். அது கைதுக் குறிப்பு. அதில் கைது செய்யப்பட்ட நேரம் அன்று காலை 9 மணி என்று இருந்தது. முந்தைய இரவு அவர் காவலில் இருந்ததை எடுத்துச் சொல்ல வழக்கறிஞர் முயன்றபோது, அந்தத் தாளே அவருக்கு எதிராக நின்றது. அதற்குச் சாட்சி நாங்கள்!

அந்தத் தாள் என்னவென்று பின்னர்தான் கற்றுக்கொண்டோம். கைது செய்யும் அதிகாரி நேரமும் தேதியும் குறித்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரின் மதிப்புக்குரியவர் ஒருவரோ அதில் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. ‘மதிப்புக்குரியவர்’ என்று சட்டம் சொல்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஜமாஅத் நிர்வாகிகளைத்தான். பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. அந்தக் கணக்குக்குக் கைதான நேரமே தொடக்கம். ஆகையால் நேரம் தவறாக இருந்தால் கையொப்பமிடாதீர்கள். அல்லது சரியான நேரத்தை உங்கள் கைப்பட எழுதிவிட்டு இடுங்கள். வெற்றுத்தாளில் கையொப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், அதுவும் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகத் தர வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டுப் பெறுங்கள். விசாரணை முழுவதும் உடன் இருக்க முடியாவிட்டாலும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு. அசாதாரணச் சூழ்நிலை தவிர, மாலை முதல் விடியும் வரை பெண்களைக் கைது செய்யலாகாது.

நடுவர் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்களைச் சடங்காகக் கருதி, ‘வாயைத் திறக்காதே, சீக்கிரம் விட்டுவிடுவார்கள்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது பெரும் பிழை. அடிபட்டிருந்தால் அங்கேயே, நடுவரிடமே, சட்டையை விலக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டபின் அடுத்தடுத்து இறந்தார்கள்; நிலையத்தில் தாக்கப்பட்டதே காரணம் என்று மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதன் பிறகும் ‘வாயைத் திறக்காதே’ என்று எவரும் சொல்லலாமா?

இனி, வழக்குகள். தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டையை எடுத்தாலும் ஆபாசமாகத் திட்டினான், கையால் அடித்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான் என்ற மூன்றும் சேர்ந்தே வரும். முன்பு 294(பி), 323, 506(2). இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). எண்களைக் கேட்டே வீட்டார் பாதி உயிராகிவிடுகிறார்கள். கையால் அடித்துச் சிறு காயம் ஏற்படுத்தியதற்கு உச்ச தண்டனை ஓராண்டு. அது பிணையில் விடக்கூடிய குற்றம், ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். விபத்தில் ஒருவர் இறந்து அலட்சியம் என்று பதிவாகும் வழக்கும் பிணையில் விடக்கூடியதே. வாகனச் சோதனையில் வாய்த்தகராறு முற்றிக் காவலரைத் தள்ளினால் 132-ஆம் பிரிவு வரும். அது பிணையில் விட முடியாத வகை. கொலைமுயற்சியும் அவ்வாறே. இவற்றில் ஜாமீன் நீதிமன்றத்தின் விருப்புரிமை. கைதுக்கு முன்பே முன்ஜாமீன் கேட்கவும் வழி உண்டு.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நிகழ வேண்டியதில்லை என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பானது. விசாரணைக்கு வருமாறு 35(3) பிரிவின்கீழ் அறிவிப்புத் தருவார்கள். அறிவிப்பு வந்தால் ஒளியாமல் வழக்கறிஞரோடு போய் நிற்க வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் ஊரை விட்டு ஓடித்தான் கைதைத் தேடிக்கொண்டார்கள்.

சிறையிலிருப்பவரின் வீட்டார் நாட்களை எண்ண வேண்டும். 60 நாட்களுக்குள், கடும் குற்றங்களில் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. அது தானாக வராது. மனுப் போட வேண்டும். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை. ஆனாலும் நம் பக்கச் சான்றுகளை நாம்தான் காக்க வேண்டும். ‘அந்த நேரத்தில் அவன் கடையில் இருந்தான்’ என்றால் கடைக் கேமராப் பதிவு அழிவதற்குள் எடுத்துவையுங்கள். தாக்க வந்தவரைத் தடுத்ததால் நேர்ந்த காயம் என்றால் தற்காப்பு உரிமை உண்டு. நம்மவருக்குப் பட்ட காயத்துக்கும் அன்றே அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க வேண்டும். காவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக்க முடியாது; ஆனால் அதைக் கொண்டு பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பொய் வழக்கென்று தெளிவாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்துக் கோரலாம். நம் பகுதிக்கு மதுரைக் கிளை.

சமரசம் பேசுவது ஜமாஅத்துக்குப் பழக்கமான வேலை. சிறுகாயம் போன்றவற்றைக் காயம்பட்டவர் மனமுவந்து இசைந்தால் சட்டப்படியே முடித்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்தைப் பற்றி இங்கே பஞ்சாயத்துப் பேச எவரும் வரக்கூடாது. அறிந்தும் புகார் தராமலிருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் நிர்வாகியின் உறவினராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பணமில்லாதவர்கள் அஞ்ச வேண்டாம். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்கிறது. தொலைபேசி எண் 15100. அந்த எண்ணையும், இரவில் அழைத்தால் வருவதாக ஒப்புக்கொண்ட வழக்கறிஞர்களின் எண்களையும் ஒளூச் செய்யும் இடத்துக்கு எதிரேயுள்ள பலகையில் எழுதிவைக்க இப்பொதுக்குழுவின் அனுமதியைக் கேட்கிறோம். கைதுக் குறிப்பின் மாதிரிப் படிவம் ஒன்றும் அலுவலக மேசையில் இருக்கும். நிர்வாகிகள் அனைவரும் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.